அழுக்கும் ஒரு சாட்சி: அளவு மாதிரிகளுக்கு வண்ணமும் பழமையும் ஏற்றும் கலையின் வரலாறு

முன்னுரை

பெரிய பொருளைச் சிறியதாகச் செய்து, கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஆசை மனித குலத்துக்கு மிகவும் பழையது. நம் வீட்டுப் பெண் குழந்தைகள் மரச்சொப்பில் சோறு பொங்கியதும், ஆண் பிள்ளைகள் சிறுதேர் உருட்டியதும் இந்த ஆசையின் வடிவங்களே. வடமொழியின் புகழ்பெற்ற ‘மிருச்சகடிகம்’ நாடகம் ஒரு மண் பொம்மை வண்டியால் பெயர் பெற்றது. பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் அதனை ‘மண்ணியற் சிறுதேர்’ என்று தமிழாக்கித் தந்தார். பொன் வண்டி கேட்டு அழும் குழந்தைக்கு மண் வண்டிதான் கிடைக்கிறது. பொன் வண்டியா, மண் வண்டியா என்ற அந்தக் கேள்வி இக்கட்டுரையிலும் நமக்குப் பயன்படும்.

இன்று உலகெங்கும் பல நாடுகளில் விமானம், கப்பல், ரயில், மோட்டார் வண்டி ஆகியவற்றின் அளவு மாதிரிகளைச் செய்வது ஒரு நுண்கலையாக வளர்ந்திருக்கிறது. 1:35 என்றால் உண்மைப் பொருளில் 35 செ.மீ. உள்ளது மாதிரியில் 1 செ.மீ. என்று பொருள். இந்த அன்பர்கள் மாதிரியை ஒட்டி முடித்து, வண்ணம் தீட்டி, அதன் மேல் துரு, தூசி, எண்ணெய்க் கறை, வெயிலில் வெளிறிய தடம் எல்லாவற்றையும் தூரிகையால் வரைகிறார்கள். ‘வெதரிங்’ என்று அவர்கள் சொல்வதை நான் இங்கே ‘பழமையேற்றுதல்’ என்று குறிக்கிறேன்.

“காசு குடுத்து வாங்கி, கஷ்டப்பட்டுப் பெயின்ட் அடிச்சு, அப்புறம் அதுமேலயே சேறு பூசறாங்களே, இது என்ன பைத்தியக்காரத்தனம்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு வரலாற்று வழியாக விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மாதிரி சொல்லும் சாட்சி

சிந்துவெளி அகழாய்வுகளில் ஹரப்பா, மொகஞ்சதாரோ முதலிய இடங்களில் சுடுமண் பொம்மை வண்டிகள் நிறையக் கிடைத்துள்ளன. அக்காலத்து உண்மையான மர வண்டிகள் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டன. ஆகவே வண்டி எப்படி இருந்தது, சக்கரம் எப்படிப்பட்டது என்று அறிய அறிஞர்கள் அந்தப் பொம்மைகளையே சான்றாகக் கொண்டார்கள். பெரியது அழிந்தது, சிறியது நின்று சாட்சி சொல்கிறது.

எகிப்து நாட்டுச் சான்று இன்னும் விளக்கமானது. 1920-ல் ஹெர்பர்ட் வின்லாக் என்ற ஆய்வாளர் தேப்ஸ் நகருக்கு எதிர்க்கரையில் மெகெத்ரே என்ற அரசு அதிகாரியின் கல்லறையில் ஒரு மறைவறையைக் கண்டார். ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட, வண்ணம் தீட்டிய 24 மர மாதிரிகள் உள்ளே இருந்தன. படகுகள், தோட்டம், ரொட்டியும் மதுவும் செய்யும் கூடம், மாடு எண்ணும் காட்சி என்று ஒரு பெரிய பண்ணையே அதில் அடங்கியிருந்தது. களஞ்சியத்தில் தானியம் கொட்டும் ஆட்களும், பக்கத்தில் உட்கார்ந்து கணக்கெழுதும் எழுத்தர்களும் உண்டு. இம்மாதிரிகளில் ஒரு பகுதி கெய்ரோவிலும் மற்றொரு பகுதி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் சேர்ந்தன. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய கிட்டங்கியைப் பார்க்கிற பாக்கியம் ஒரு வியாபாரிக்குக் கிடைக்கிறதென்றால் அது இந்த மாதிரிகளால்தான்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் களஞ்சியத்துத் தரையில் சிந்திய தானியத்தின் தூசி தீட்டப்படவில்லை. படகின் அடியில் பாசி இல்லை. மறுமைக்கு எடுத்துச் செல்லும் உலகம் என்றும் புதிதாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே அம்மாதிரி நமக்கு வடிவத்தைச் சொல்கிறது. பயன்பட்டு உழைத்த வாழ்வைச் சொல்லவில்லை. பாதிச் சாட்சிதான் நமக்குக் கிடைத்தது.

2. பளபளப்பின் காலம்

நம் நாட்டில் இதற்கு இணையாக நான் நினைப்பது ஆஜ்மீரில் உள்ள சோனிஜி கி நசியான் என்ற திகம்பர ஜினாலயம். 1865-ஐ ஒட்டி எழுந்த அக்கோயிலின் பின்னால் ‘ஸ்வர்ண நகரி’ என்ற பெரிய கூடம் 1895-ல் அமைந்தது. அயோத்தி மாநகரம், ஆதிபகவன் விருஷப தேவரின் பஞ்ச கல்யாணக் காட்சிகள், வானில் மிதக்கும் விமானங்கள் எல்லாம் பொன் போர்த்திய சிற்றுருவங்களாக அங்கே உள்ளன. ஜெய்ப்பூர்க் கைவினைஞர்களின் வேலை அது. பொன்னில் துரு ஏறாது. தெய்வ நகரத்தில் தூசியும் படியாது. அங்கே பழமையேற்றினால் அது பொருந்தாது; அந்த மாதிரியின் நோக்கமே காலம் தொடாத ஓர் உலகைக் காட்டுவது. மண்ணியற் சிறுதேர்க் குழந்தை கேட்ட பொன் வண்டி இதுதான் எனலாம்.

மேற்கு நாடுகளிலும் நெடுங்காலம் மாதிரி என்றால் பளபளப்புதான். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் சைபோர்ன் வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரி ஒன்றை 1830 முதல் எட்டாண்டுகள் உழைத்துச் செய்தார். 70,000-க்கும் மேற்பட்ட சிறு உலோக வீரர்கள் அதில் நிற்கிறார்கள். 1838-ல் லண்டனில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். 1893-ல் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கொண்டுவந்தபின், பொம்மைப் படை சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது. சிவப்புச் சட்டை, கறுப்புக் காலணி, எல்லாம் கண்ணாடி போல் மின்னும். சண்டைக்குப் போகும் சிப்பாயின் காலணியில் சேறு இருக்கும் என்ற எண்ணம் யாருக்கும் தோன்றவில்லை. ஏனெனில் அது பொம்மை, சாட்சி அல்ல.

3. கறுப்பு விமானங்களும் பிளாஸ்டிக் பெட்டிகளும்

1932-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் என்பவர் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்ற மர விமான மாதிரிகளை 1:72 அளவில் வெளியிட்டார். எல்லா விமானங்களையும் ஒரே அளவில் செய்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும் என்பது அதன் அடிப்படை. 1936-ல் ‘ஃப்ராக் பெங்குவின்’ என்ற பெயரில் பிளாஸ்டிக் மாதிரிகள் வந்தன.

இரண்டாம் உலகப்போரில் இந்தப் பொழுதுபோக்கு திடீரென்று உயிர்காக்கும் கல்வியாயிற்று. 1942 தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5,00,000 விமான மாதிரிகள் செய்து தரும்படி கேட்டது. பறந்து வருவது நம் விமானமா, எதிரி விமானமா என்று நொடியில் அடையாளம் காணப் பயிற்சி கொடுக்கவே அவை. 1:72 மாதிரியை 35 அடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், 35 × 72 = 2520 அடி, அதாவது ஏறத்தாழ அரை மைல் தூரத்தில் உண்மை விமானத்தைப் பார்ப்பதற்குச் சமம். அந்த மாதிரிகளுக்கு முழுக்கக் கறுப்பு வண்ணம்தான். உருவரை மட்டும் தெரிந்தால் போதும். வண்ணமும் தேய்மானமும் வேண்டாம். மாதிரியின் வரலாற்றில் ‘வடிவமே எல்லாம்’ என்ற கொள்கையின் உச்சம் இது.

போருக்குப் பின் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழில் பெருகியது. ஹங்கேரியிலிருந்து குடியேறிய நிக்கோலஸ் கோவ் 1939-ல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1950-களின் முற்பகுதியில் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பல் மாதிரியைப் பையில் போட்டு உல்வொர்த் கடைகளில் மலிவாக விற்றது. ஹல் நகரில் 1919-ல் எண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிய ஹம்ப்ரால், சிறு சிறு டப்பாக்களில் எனாமல் பெயின்ட் அடைத்து விற்றது. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கிய தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கி மாதிரியை 1:35-ல் கொண்டுவந்தது. ஏன் 35? உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க அந்த அளவு தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஒரு பேட்டரியின் பருமன் உலகத் தர அளவு ஒன்றைத் தீர்மானித்தது. வியாபார உலகில் இப்படித்தான் பல ‘சாஸ்திரங்கள்’ பிறக்கின்றன.

4. அழுக்கு உள்ளே வந்த கதை

பழமையேற்றுதலைப் பொதுமக்களின் கண்ணுக்குப் பழக்கியதில் திரைத்துறைக்குப் பெரும்பங்கு உண்டு. 1965-66-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மைத் தொடரில் டெரெக் மெடிங்ஸ் என்பவர் மாதிரிகளைப் பொறுப்பேற்றுச் செய்தார். புதிதாகச் செய்த வாகனத்தைக் காமிரா முன் வைத்தால் அது விளையாட்டுச் சாமான் போலவே தெரியும். ஆகவே தகடுகள் சேரும் இடங்களில் கோடு கீறி, புகைக்கறையும் தூசியும் ஏற்றி, உழைத்த வண்டியாக அவர் மாற்றினார். பின்னாளில் 1978-ல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்துக்கான சிறப்பு ஆஸ்கர் விருதில் அவரும் பங்கு பெற்றார். 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் விண்கலங்களே ஒழுகும் எண்ணெயும் கரியுமாக, பழைய லாரி மாதிரி இருந்தன. அந்தக் கலங்களின் மேற்பரப்பில் கடைகளில் விற்கும் டாங்கி, விமானப் பெட்டிகளின் உதிரிகளையே ஒட்டினார்கள். நடக்காத கதையை நம்ப வைத்தது அழுக்கு!

பொழுதுபோக்குக் கலைஞர்களிடையே அமெரிக்கரான ஷெப்பர்ட் பெயின் (1946-2015) முக்கியமானவர். 1970-களில் மோனோகிராம் நிறுவனப் பெட்டிகளுக்குள் அவர் செய்த காட்சி அமைப்புகளின் செய்முறைத் தாள்கள் வந்தன. பெட்டியைத் திறந்த சிறுவன், “ஓ, இப்படியும் செய்யலாமா!” என்று வியந்தான். பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டன் 1970, 80-களில் இரண்டு உத்திகளை உலகறியச் செய்தார். ஒன்று ‘வாஷ்’: மிகத் தண்ணீராகக் கரைத்த கருமை வண்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிடுவது. மற்றொன்று ‘டிரை பிரஷ்’: தூரிகையில் உள்ள வண்ணத்தைத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஈரமற்ற வண்ணத்தை மேடுகளில் மட்டும் தடவுவது.

அதன் பிறகு ஸ்பெயின் நாட்டவர் முன்னணிக்கு வந்தனர். அங்குள்ள வல்லெஹோ நிறுவனம் 1965-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கார்ட்டூன் படங்களுக்கு வண்ணம் செய்யத் தொடங்கியது. 1969-ல் ஸ்பெயினுக்கு இடம் பெயர்ந்து, பின்னர் மாதிரிக் கலைஞர்களின் அக்ரிலிக் வண்ணமாக ஊன்றியது. 2000-களுக்குப் பின் மிக் ஹிமேனெஸ் முதலிய ஸ்பானியக் கலைஞர்கள் துருத்தூள், சேற்றுக் குழம்பு, மழைக்கறைத் திரவம் என்று தனித்தனிப் புட்டிகளாகவே சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அழுக்கைப் புட்டியில் அடைத்து விற்க முடியும் என்பதை அவர்கள் நிரூபித்தார்கள். அதையும் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

5. வெளிச்சம் சிறுக்காது

இனி, இவ்வளவு பாடு ஏன் என்ற கேள்விக்கு வருவோம். பொருளைச் சிறுக்கலாம், வெளிச்சத்தைச் சிறுக்க முடியாது. இதுதான் இக்கலையின் அடிமூலம் என்பது என் கருத்து.

வானத்தில் சூரியன் நம் கண்ணுக்கு அரை பாகை அகலம்தான். அவ்வளவு சிறிய வட்டத்திலிருந்து வரும் ஒளியால் நிழல் கத்தி போல் கூர்மையாக விழுகிறது. கதவின் விளிம்பு, ஆணியின் தலை, தகட்டின் இடுக்கு எல்லாம் நிழலால் எழுந்து நிற்கின்றன. நம் மேசைக்கு மேலே நாலடி டியூப்லைட் இரண்டடி உயரத்தில் தொங்குகிறது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் அது மாதிரிக்கு 90 பாகை அகலமான விளக்கு. நூற்றெண்பது சூரியன்களை வரிசையாக நிறுத்தியது போல. நிழல் எல்லாம் கரைந்து போகும். அதோடு, உண்மை வண்டியில் அரை அங்குல இடுக்கு 1:35 மாதிரியில் ஒரு நூலிழை. அதில் நிழல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் சரியான அளவில் செய்த மாதிரியும் பொம்மையாகத் தோன்றுகிறது. வாஷ் என்பது காணாமற்போன நிழலை வரைந்து சேர்ப்பது. டிரை பிரஷ் என்பது காணாமற்போன வெயிலை வரைந்து சேர்ப்பது.

தூரமும் ஒரு கணக்கு. 1:35 மாதிரியை 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்ப்பது உண்மை வண்டியை 10.5 மீட்டரில் நின்று பார்ப்பதற்குச் சமம். தூரம் கூடக் கூடக் காற்றின் திரையால் நிறம் வெளிறும். ஆகவே அசல் வண்ணத்தையே மாதிரிக்குப் பூசினால் அது கறுத்துத் தெரியும் என்று அனுபவஸ்தர்கள் சிறிது வெள்ளை கலக்கிறார்கள். அசலுக்கு உண்மையாக இருக்க அசலிலிருந்து சற்று விலக வேண்டியிருக்கிறது.

6. விளக்கின் கீழ் உண்மை

வண்ணம் தீட்டுமிடத்தில் நல்ல வெளிச்சம் வேண்டும் என்பார்கள். ‘நல்ல’ என்றால் என்ன? மும்பையில் நாற்பது வருஷமாக ஜவுளி வியாபாரம் செய்கிறவன் என்ற முறையில் இது எனக்கு மிகவும் தெரிந்த விஷயம். புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி எடுக்க வரும் அம்மாக்கள், கடைக்குள் எவ்வளவு விளக்கு போட்டாலும், “கொஞ்சம் வாசலுக்குக் கொண்டு வாங்க, வெளிச்சத்துல பாத்துட்டுச் சொல்றேன்” என்பார்கள். டியூப்லைட்டில் ஒரே நிறமாகத் தெரிந்த இரண்டு துணிகள் வாசல் வெளிச்சத்தில் வேறு வேறாக இருக்கும். இரண்டின் சாயமும் வேறு. ஒரு விளக்கில் மட்டும் ஒத்துப் போயின. விஞ்ஞானிகள் இதற்கு ‘மெட்டாமெரிசம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் சமண மரபில் இதை அநேகாந்தத்துக்கு உதாரணமாகச் சொல்லலாம். ஒரு நோக்கில் கண்டது பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல.

விளக்கு வாங்கும்போது மூன்று எண்களைப் பார்க்க வேண்டும். முதலாவது நிறவெப்பம். பழைய குண்டு பல்ப் ஏறத்தாழ 2700 கெல்வின், மஞ்சள் பாய்ந்தது. ‘கூல் டேலைட்’ குழல் விளக்கு 6500 கெல்வின், நீலம் சாய்ந்தது. அச்சுத் தொழிலில் வண்ணம் ஒப்பிட உலகளவில் 5000 கெல்வின் என்று வைத்துக்கொண்டார்கள். மாதிரி வேலைக்கும் 5000 முதல் 6500 வரை பொருந்தும். இரண்டாவது, சி.ஆர்.ஐ. எனப்படும் நிறம் காட்டும் தகுதி. 100 முழு மதிப்பெண். 90-க்கு மேல் இருப்பது நலம். எட்டு மென்னிறங்களின் சராசரிதான் இந்த எண். ஆழ்ந்த சிவப்புக்கான ஆர்9 என்ற மதிப்பெண் அதில் சேராது. துருவும் செங்கலும் தீட்டுகிறவர்கள் அந்த ஆர்9-ஐயும் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது ஒளியளவு. நுண்ணிய வேலைக்கு மேசைமேல் ஏறத்தாழ 1000 லக்ஸ் தேவை. வயது அறுபதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் அதிகம்!

எல்.இ.டி. வந்தபின் இவையெல்லாம் எளிதாயின. 1990-களின் தொடக்கத்தில் நீல எல்.இ.டி.யைச் சாதித்த அகசாகி, அமனோ, நகமுரா மூவரும் 2014-ல் நோபல் பரிசு பெற்றார்கள். நீல ஒளியின் மேல் மஞ்சள் பாஸ்பரம் பூசித்தான் வெள்ளை ஒளி பெறுகிறோம். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தால் இந்த விளக்குகள் நம் நாட்டில் வீட்டுக்கு வீடு மலிவாகப் பரவின. ஆனால் மலிவான எல்.இ.டி.யில் சிவப்பு குறைவு. அதன் கீழ் தீட்டிய துரு பகல் வெளிச்சத்தில் ஆரஞ்சுப்பழம் போல் இளிக்கும்.

விளக்கை வைக்கும் முறையும் உண்டு. வலக்கைக்காரர்களுக்குப் பெரிய, மென்மையான விளக்கு இடப்பக்கம் மேலே இருக்க வேண்டும். கையின் நிழல் வேலையில் விழாது. வலப்பக்கம் ஒரு சிறு விளக்கு. மேசை விரிப்பு சாம்பல் நிறமாக இருந்தால் கண் ஏமாறாது. கடைசியில் ஒரு கூரிய ஒற்றை விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பார்த்தால் தூசியும் தூரிகைத் தடமும் காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் காலை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பது வாசல் வெளிச்ச சோதனை.

7. அழுக்குக்கும் இலக்கணம் உண்டு

கண்டபடி சேறு பூசுவது பழமையேற்றுதல் ஆகாது. துரு நீர் தேங்கும் இடத்தில் பிறந்து, புவியீர்ப்பால் கீழ் நோக்கி வழியும். வெயில் மேற்பரப்பை முதலில் வெளிறச் செய்யும். கை படும் கைப்பிடியும் கால் படும் படியும் தேய்ந்து மின்னும். புகைக்கறை புகைக்குழாயிலிருந்து காற்று போகும் திசையில் படியும். உண்மையில் 5 மி.மீ. அளவு பெயின்ட் பெயர்ந்திருந்தால் 1:35-ல் அது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு. நகக்கண் அளவு பெயர்த்துக் காட்டினால் உண்மை வண்டியில் அது கைக்குட்டை அளவாகிவிடும்!

கலைஞர்கள் உண்மையின் வரிசையையே பின்பற்றுகிறார்கள். முதலில் துருநிறம் பூசி, அதன் மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரே அடித்து, பிறகு வண்டியின் நிறத்தை அக்ரிலிக்கில் தீட்டுகிறார்கள். காய்ந்தபின் ஈரத் தூரிகையால் தேய்த்தால் இடையிலுள்ள ஹேர்ஸ்பிரே கரைந்து, மேல் வண்ணம் பெயர்ந்து அடியில் துரு தெரிகிறது. உலகத்தில் எப்படி நடக்கிறதோ அப்படியே.

இந்த இலக்கணம் தெரிந்தவருக்குக் கறை ஒரு கல்வெட்டு. 1941-42 குளிர்காலத்தில் ரஷ்யப் போர்முனையில் டாங்கிகளின் மேல் பனியோடு பனியாக மறையச் சுண்ணாம்பு பூசினார்கள். இளவேனிலில் அது கரைந்து திட்டுத்திட்டாக நின்றது. மாதிரியில் அந்தத் திட்டுகளைச் சரியாகத் தீட்டினால் ஆண்டும் மாதமும் போர்முனையும் எழுதாமலே தெரியும்.

இங்கே மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். இக்கலையின் பெரும்பகுதி கொலைக்கருவிகளின் மேலேயே வளர்ந்திருக்கிறது. அகிம்சையைப் பெரிதாகச் சொல்லும் குலத்தில் பிறந்த எனக்கு இது உவப்பானதல்ல. ஆனால் பளபளக்கும் ஈயச் சிப்பாய் போரை விழாவாகக் காட்டினான். சேறும் துருவுமான டாங்கியோ போரின் களைப்பையும் அழிவையும் காட்டுகிறது. இவ்விரண்டில் எது பொய், எது மெய் என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

பழம்பொருள் சந்தைகளில் புதுப் பித்தளையை அமிலத்தில் தோய்த்து ‘இருநூறு வருஷத்துச் சாமான்’ என்று விற்பவர்களும் பழமையேற்றுகிறவர்கள்தாம். ஆனால் அது களவு. மாதிரிக் கலைஞன் தன் அளவை முன்னதாகவே சொல்லிவிடுகிறான். வாங்குபவரை அவன் ஏமாற்றுவதில்லை. மறுபக்கம், கட்டட விற்பனை அலுவலகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் மாதிரியைப் பாருங்கள். ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மும்பையில், அந்தச் சுவரில் ஒரு மழைக்கறை இல்லை. பால்கனியில் ஒரு துணி காயவில்லை. சுத்தமான மாதிரியும் பொய் சொல்லக் கூடும்.

8. நாம் செய்ய வேண்டியது

மும்பை பைகுல்லாவில் 1872-ல் திறக்கப்பட்ட பழைய விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம், 1975 முதல் டாக்டர் பாவு தாஜி லாட் பெயரைத் தாங்கி, பழுது பார்த்து 2008-ல் மீண்டும் திறக்கப்பட்டது. அங்குள்ள களிமண் உருவங்களும் சிறு காட்சிப் பெட்டிகளும் அந்நாளைய பம்பாய் மக்களின் தொழிலையும் உடையையும் காட்டுகின்றன. அவற்றைச் செய்தவர்கள் இல்லையென்றால் அந்த பம்பாய் நமக்கு வெறும் எழுத்தாகவே இருந்திருக்கும்.

நம் கண்ணெதிரேயே இன்னொரு பம்பாய் போய்விட்டது. 1937-ல் ஓடத் தொடங்கிய பெஸ்ட் நிறுவன டபுள் டெக்கர் பேருந்துகளில் பழைய டீசல் வண்டிகள் 2023 செப்டம்பரில் விடைபெற்றன. அடுத்த மாதமே கறுப்பு-மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்சியும் தெருவிலிருந்து மறைந்தது. தாதரில் ரயிலிறங்கிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் டிரங்குப் பெட்டியை மேலே கட்டிக்கொண்டு மாதுங்காவுக்கும் தாராவிக்கும் போனது அந்த டாக்சியில்தான்.

புகைப்படம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பழைய வண்ணப் படங்களின் நிறம் மங்கிப் போகிறது. படத்தைச் சுற்றி நடந்து பார்க்கவும் முடியாது. பத்மினி ஏறத்தாழ 4 மீட்டர் நீளம். 1:24 அளவில் 16 செ.மீ. சொச்சம், ஒரு பேனா நீளம்தான். கதவின் அடிவிளிம்பில் கடற்காற்று அரித்த துரு, சரக்கு ஏற்றும் கம்பிகள் கூரையில் கீறிய தடம், வெயிலில் வெளிறிய மஞ்சள், ஓட்டுநரின் முழங்கை ஓயாமல் உராய்ந்து மின்னிய ஜன்னல் விளிம்பு ஆகிய இவையும் வந்தால்தான் அது அந்த டாக்சி. இல்லையேல் கடையில் விற்கும் பொம்மைக் கார்.

அந்த வண்டிகளை ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த இடத்தில் முதலில் துரு பிடிக்கும் என்று அவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். கேட்கத்தான் ஆளில்லை. நம் சங்கத்துப் பிள்ளைகள், முக்கியமாகக் கட்டடக்கலையும் பொறியியலும் படிக்கிறவர்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து இவர்களிடம் கேட்டெழுதி, மாதிரி செய்து, நல்ல விளக்கின் கீழ் நிதானமாக வண்ணம் தீட்ட வேண்டும். செலவு ஒரு பிறந்தநாள் விருந்துக்கு ஆவதைவிடக் குறைவு. கூடவே ஒரு தாளில், எந்த ஆண்டு வண்டி, யார் சொன்ன தகவல், எந்த வண்ணம் என்று எழுதி வைக்க வேண்டும்.

முடிவுரை

ஒவ்வொரு பொருளும் தோற்றம், கேடு, நிலைபேறு என்ற மூன்றையும் ஒருங்கே உடையது என்பது சமண தரிசனத்தின் அடிப்படை. திரவியம் நிலைக்கிறது, பரியாயங்கள் மாறுகின்றன. கறுப்பு வண்ண விமானமும் பொன் நகரமும் நிலைபேற்றை மட்டும் காட்டின. பழமையேற்றிய மாதிரி மூன்றையும் காட்ட முயல்கிறது. புதிதாகப் பூசிய வண்ணம் அதன் தோற்றம். பெயர்ந்த வண்ணம் அதன் கேடு. இரண்டுக்கும் அடியில் நிற்கும் வடிவம் அதன் நிலைபேறு.

தெய்வங்களுக்குப் பொன் வண்டி பொருந்தும். பிழைக்க வந்த ஊரில் நம்மைச் சுமந்தது துருப்பிடித்த தகர வண்டி. நாலாயிரம் ஆண்டுக்குப் பிறகு ஒருவர் அதைத் தோண்டி எடுத்தால், இந்த ஊரில் மழை பெய்தது, கடற்காற்று வீசியது, மனிதர்கள் உழைத்தார்கள் என்று அந்த 16 செ.மீ. மாதிரி சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் வேலை அந்த அழுக்குக்கு உரியது.